அளவெடுத்துத் தைத்த தேவை

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் பெரியவளைப் பெருமையும் களைப்புமாக விட்டுவிட்டு வந்தோம். புதிய சலவை மெஷின்கள் வாங்கும் வேலையெல்லாம் ஒருவழியாக முடிந்தது, மறுநாள் அப்பா வீட்டில் கையெழுத்து மட்டும்தான் பாக்கி என்று நிம்மதியாகப் படுத்தாள். அந்த மறுநாள் இதோ விடிந்துவிட்டது.

சலவை ஆலை அவளுடைய அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பாதிப் பாதி. மருத்துவமனைகளின் படுக்கை விரிப்பும் விடுதிகளின் துண்டும் தலையணை உறையும் அழுக்காக வந்து வெள்ளையாகத் திரும்பும் இடம். அண்ணன் வாங்கிப் போடும் சாமான்களில் தம்பிக்கு நம்பிக்கை போய்ப் பெரிய சண்டையானபோது, சித்தப்பா ஒரே ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்.

“இனிமே ஆலைக்கு ஒரு குண்டூசி வாங்கறதா இருந்தாலும் பெரியவதான் வாங்கணும். அவ பாத்துட்டேன்னு சொன்னா, நான் கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடறேன்.”

அதிலிருந்து கொள்முதல் முழுக்க அவள் பொறுப்பு. எதையும் சலித்துப் பார்க்காமல் உள்ளே விடமாட்டாள் என்பதால் ஆலையில் அவளுக்குச் ‘சல்லடை அக்கா’ என்று பெயர். அவள் முன்னால் யாரும் சொல்வதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

காலையில் ஆலையில் அவள் தன் அறைக்குள் நுழைந்தபோது நாற்காலியில் டைக்காரர் உட்கார்ந்திருந்தார். மெஷின் விற்கும் இன்னொரு கம்பெனியின் ஆள். எந்த வெயிலிலும் கழுத்திலிருந்து டையைக் கழற்றாதவர். அன்றைக்கு ஏனோ அதைக் கொஞ்சம் தளர்த்திவிட்டிருந்தார்.

“என்ன சார், கொட்டேஷன் அனுப்புங்கன்னு எத்தனை தடவை கேட்டோம்? எல்லாம் முடியற நேரத்துல வந்து நிக்கறீங்க!”

“கொட்டேஷன் கொடுக்க வரல மேடம். ஏன் கொடுக்கலன்னு நேர்ல சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். நாளைக்கு வேற ஏதாவது வேணும்னா நீங்க என்னைக் கூப்பிடணும் பாருங்க.”

“சொல்லுங்க.”

அவர் தயங்கினார். பிறகு, வருவது வரட்டும் என்பதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஒருத்தருக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டையைக் காட்டி, இது யாருக்குப் பொருந்துதோ அவங்க வாங்கன்னு கூப்பிட்டா எப்படி மேடம்? உங்க தேவைன்னு எழுதி அனுப்பினீங்களே, அது தேவை இல்ல. ஒரு கம்பெனியோட மெஷினைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, பார்த்துப் பார்த்து எழுதினது.”

அவளுக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. “அதை எழுதினது நான் சார்.”

“தெரியும் மேடம். அதனாலதான் வருத்தமா இருக்கு.”

“எதை வச்சு இப்படிச் சொல்றீங்க?”

“டிரம் மூணு அறையா இருக்கணும்னு போட்டிருக்கீங்க. அப்படிச் செய்யறது அவங்க ஒருத்தர்தான். எதுக்கு உங்களுக்கு மூணு அறை?”

“விரிப்பெல்லாம் ஒண்ணோட ஒண்ணு முறுக்கிக்காம இருக்க.”

“உங்க ஆலையில முறுக்கிக்குதா?”

முறுக்கிக்கொள்கிறது என்று அவளிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். அவள் பார்த்ததில்லை.

டைக்காரர் அதற்கு மேல் நோண்டவில்லை. எழுந்து கும்பிட்டார். “நான் இவ்வளவு பேசியிருக்கக் கூடாது. தப்பா நினைக்காதீங்க.” கதவருகே போய்த் திரும்பினார். “அந்த மெஷின் அவங்க கேன்ல வர்ற சோப்பை மட்டும்தான் எடுத்துக்கும். வேற கேன் மாட்டினா ஓடாது. இது தெரியும்தானே?”

தெரியும் என்று தலையாட்டினாள். தெரியாது.

*

அவளுடைய அறை மாடியில். முழங்கால் வலி வந்ததிலிருந்து படி இறங்குவதைக் குறைத்திருந்தாள். அன்றைக்குக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

கீழே நீராவியும் சோப்பு வாசமும் முகத்தில் அடித்தன. ஓரமாக நின்று பார்த்தாள். இதைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும் என்பது நின்ற கொஞ்ச நேரத்திலேயே புரிந்தது.

சலவை மெஷின்கள் வேலையை முடித்துவிட்டு வாயைத் திறந்துகொண்டு சும்மா கிடந்தன. துவைத்த துணி ட்ராலி ட்ராலியாக, தண்ணீர் சொட்டச் சொட்ட, ட்ரையர்களுக்கு முன்னால் வரிசை கட்டி நின்றது. உலர்த்த இடம் கிடைத்தால்தான் அடுத்த ட்ராலி நகரும். அது நகர்ந்தால்தான் மெஷினில் அடுத்த துணியைப் போட முடியும். துவைப்பதில் ஒரு குறையும் இல்லை. உலர்த்துவதில்தான் எல்லாமே அடைத்துக்கொண்டு நின்றது.

ட்ராலியில் சாய்ந்து நின்ற பெண்ணொருத்தி நிமிர்ந்தாள். “என்னக்கா, நீங்களே இறங்கி வந்துட்டீங்க!”

“துணி முறுக்கிக்குதா உள்ள?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. ட்ரையர்தான் பத்தல. ஈரமாவே கெடந்து நாத்தம் புடிச்சு, சிலதைத் திரும்பவும் துவைக்கறோம். அன்னிக்கே சொன்னோமே.”

“யார்கிட்ட?”

“உங்க வீட்டு சார்கிட்டதான். ‘அக்கா அனுப்பினாங்க, உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க’ன்னு வந்தாரே. ட்ரையர் வேணும்னு நாங்க எல்லாரும் ஒரே வாயா சொன்னோம். ரொம்பப் பொறுமையாக் கேட்டுக்கிட்டாருக்கா.”

பெரியவள் சிரிக்க முயன்றாள். முகம் ஒத்துழைக்கவில்லை.

அந்தச் சாயங்காலம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. சாப்பாட்டு மேசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் கணவரும் அந்தத் தேவைப் பட்டியலை எழுதிய சாயங்காலம். ‘உன் முட்டிய வச்சுக்கிட்டு நீ ஏறி இறங்க வேண்டாம், நான் போய்க் கேட்டுட்டு வந்துட்டேன்’ என்றார். டீ போட்டுக் கொண்டு வந்தார். ‘நீ சொல்லு, நான் டைப் அடிக்கிறேன்’ என்றார். அவள் தடுமாறிய இடங்களில் எல்லாம் அவரே சொல் எடுத்துக் கொடுத்தார். மெஷின் ரிப்பேர் செய்யும் தொழில் நொடித்துப்போன பிறகு யாரோடும் முகம் கொடுத்துப் பேசாமல் கிடந்த மனிதர். அவளுடைய வேலையைப் பற்றி அவ்வளவு ஆசையாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு அவளுக்கு மனசு நிறைந்திருந்தது.

தட்டுத் தடுமாறி மாடிக்கு வந்தாள். குறைந்த விலை போட்டு ஆர்டரைப் பிடித்திருந்த அந்த மூன்று அறை மெஷின் கம்பெனிக்கு போன் செய்தாள். பேரைச் சொல்லவில்லை. அந்த மெஷினுக்கு சோப்பு கேன் யாரிடம் வாங்க வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

“உங்க பக்கத்துக்குப் புதுசா ஏஜென்ட் போட்டிருக்கோம் மேடம். கேன், சர்வீஸ், ஸ்பேர் பார்ட்ஸ் எல்லாமே அவர் மூலமாத்தான். நம்பர் சொல்றேன், எழுதிக்கறீங்களா?”

போனில் பேசிய பெண் சொல்லச் சொல்ல எழுதினாள். பாதியில்தான் கவனித்தாள். குரலை முந்திக்கொண்டு பேனா ஓடிக்கொண்டிருந்தது. மீதி எண்களை அந்தப் பெண் சொல்ல வேண்டியதே இல்லை.

*

மத்தியானம் கணவரே காரை எடுத்துக்கொண்டு வந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். கதவைத் திறந்துவிட்டு, “பாத்து ஏறு, முட்டி இடிச்சுக்கப் போகுது” என்றார்.

அந்த அக்கறைதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

கார் தெரு முனையைத் தாண்டும்வரை பொறுத்துக்கொண்டாள். “ஏஜென்சி எப்ப எடுத்தீங்க?”

அவர் கை ஸ்டியரிங்கில் ஒரு கணம் அசையாமல் இருந்தது. “எந்த ஏஜென்சி?”

“எனக்குக் காது குத்தாதீங்க.”

பின்னால் ஒருவன் ஹாரன் அடித்துவிட்டுத் தாண்டிப் போனான். அவர் வண்டியை ஓரம் கட்டினார்.

“சொல்லணும்னுதான் இருந்தேன். எல்லாம் முடியட்டும், அப்புறம் சொல்லலாம்னு…”

“எல்லாம்னா? நான் கையெழுத்து வாங்கிக் கொடுக்கற வரைக்குமா?”

“இங்க பாரு, அவங்களுக்கு முதல்ல ஒரு பெரிய ஆர்டர் காட்டினாத்தான் ஏஜென்சியே கொடுப்பாங்க. இல்லன்னா எனக்கு யாரு தருவா? பொண்ணு விடுதியில படிக்கறா. எத்தனை நாளைக்கு உன் சம்பளத்துலயே நான் உக்காந்து சாப்பிடறது? நமக்காகத்தானே செஞ்சேன்.”

“கீழ எல்லாரும் ட்ரையர்னு சொன்னாங்களாம். நீங்க வந்து என்கிட்ட மெஷின்னு சொன்னீங்க.”

அவர் ஸ்டியரிங்கில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

“அவங்க ட்ரையர் விக்கறதில்லையா?”

“இல்ல,” என்றார் மெதுவாக.

அவ்வளவுதான் விஷயம். ஆலைக்கு என்ன தேவை என்று கேட்கப் போன மனிதர், தன்னிடம் விற்பதற்கு என்ன இருக்கிறது என்பதைத் தேவையாக்கிக் கொண்டுவந்து அவள் கையால் எழுத வைத்திருக்கிறார்.

“அன்னிக்கு டீ போட்டுக் கொடுத்தீங்களே,” என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“சின்ன மாமா முன்னாடி எதையும் கிளப்பிடாதே. யார் தலை உருளும்னு உனக்குத் தெரியாது.”

அவர் தன் தலையைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

*

அப்பா வீட்டில் சித்தப்பா இன்னும் வந்திருக்கவில்லை. கணவர் கூடத்தில் உட்கார, அவள் நேராக அப்பாவின் அறைக்குப் போனாள். நெஞ்சு வலி வந்து பிழைத்ததிலிருந்து அப்பா பெரும்பாலும் கட்டிலில்தான். சாய்ந்து உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் உட்கார்ந்தாள். சிறு வயதில் விழுந்து அடிபட்டுக்கொண்டு ஓடிவருவாளே, அப்படித்தான் வந்திருந்தாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று அறை டிரம், சோப்பு கேன், போன் நம்பர், ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

அப்பா கடைசிப் பொத்தானைப் போட்டார். “சித்தப்பா கிளம்பிட்டானாமா?”

ஒரு திடுக்கிடல் இல்லை. கோபம் இல்லை. ‘அப்படியா!’ என்று ஒரு சொல்கூட இல்லை.

“அப்பா… உங்களுக்குத் தெரியுமா?”

“மாப்பிள்ளை சொன்னாரு.”

“எப்ப?”

“நீ எழுதறதுக்கு முன்னாடியே.” அவர் அவளைப் பார்க்காமல் போர்வையை நீவிவிட்டார். “மனுஷன் ஒடிஞ்சு போயிருந்தாரும்மா. நீ வெளிய காட்டிக்கல, ஆனா நீ படற பாடு எனக்குத் தெரியாதா? நான் கண்ணை மூடறதுக்குள்ள அவரைத் தூக்கி விட்டுடணும்னு நினைச்சேன். மெஷின் நல்ல மெஷின்தான். விலையும் குறைச்சல்.”

“வாங்கற விலைதான்பா குறைச்சல். ஓட்டற செலவு? அந்த மெஷின் இருக்கற வரைக்கும் அந்த ஒரே இடத்துலதான் சோப்பு வாங்கணும். அவங்க வச்சதுதான் விலை.”

“அந்த இடம் யாரோடது? உன் புருஷனோடது. நம்ம வீட்டுக்குள்ளதானே வரப்போகுது.”

“பாதி சித்தப்பா வீட்டுலேர்ந்து வருதுப்பா.”

அப்பா போர்வையின் மடிப்பை மறுபடி நீவினார்.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா எழுதியிருப்பியா?”

“மாட்டேன்.”

“அதான் சொல்லல. நான் எழுதினா அவன் எழுத்துக் கூட்டிப் படிப்பான். மாப்பிள்ளை பேர் இருந்தா காகிதத்தைக் கையாலயும் தொடமாட்டான். நீ எழுதினாத்தான் படிக்காம கையெழுத்துப் போடுவான்.”

அப்பா அதை ஏதோ பாராட்டுச் சொல்வது போலத்தான் சொன்னார். ஆலைக்கு ஒரு சாமான் வாங்க யோசிப்பதுபோல, இந்த இருவரும் உட்கார்ந்து யோசித்து, தங்களுக்கு வேண்டியது என்ன என்று தீர்மானித்திருக்கிறார்கள். வேண்டியிருந்தது அவளுடைய நல்ல பெயர். அது வீட்டிலேயே சும்மா கிடைத்தது.

வாசலில் கார் சத்தம் கேட்டது.

*

சித்தப்பா எங்கே போனாலும் முதுகுக்கு வைத்துக்கொள்ளத் தன் மெத்தையைத் தானே தூக்கிக்கொண்டு வருவார். “ஊர்ல இருக்கற நாற்காலி எல்லாம் எனக்கு விரோதி” என்பார். வந்தார், மெத்தையை வைத்தார், சாய்ந்தார், பேனாவை எடுத்தார்.

“எங்கம்மா போடணும்? சீக்கிரம் காட்டு.”

அப்பா எதிர் நாற்காலியில் இருந்தார். கணவர் ஜன்னலோரம் நின்றார். ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை.

“ஒரு தடவை படிச்சுப் பாருங்க சித்தப்பா.”

“நீ பாத்துட்டேல்ல? அப்புறம் நான் எதுக்குக் கண்ணாடியைத் தேடிக்கிட்டு?” காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துப் பேனா மூடியைக் கழற்றினார்.

அவள் காகிதத்தின் மேல் கையை வைத்தாள். “போடாதீங்க.”

“என்னம்மா?”

“இது நமக்கு வேண்டியதே இல்ல சித்தப்பா. நமக்கு ட்ரையர்தான் பத்தல, இன்னிக்குக் காலையிலதான் கீழ போய்ப் பாத்தேன். பாக்காமலே எழுதிட்டேன். இந்த மெஷினுக்கு ஏஜென்ட்…” தொண்டையைச் செருமிக்கொண்டாள். “ஏஜென்ட் உங்க மாப்பிள்ளை. நான் எழுதினப்ப எனக்கு அது தெரியாது. ஆனா என் வீட்டு ஆளு இதுல இருக்கறப்ப, இதை நான் தொட்டிருக்கவே கூடாது.”

சித்தப்பா பேனாவை நிதானமாக மூடினார். அவளைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை.

“அண்ணே, உனக்குத் தெரியுமா இது?”

அப்பா நெஞ்சில் கையை வைத்தார். “சத்தியமாத் தெரியாதுடா. இப்பதான் கேக்கறேன். மாப்பிள்ளை இப்படிச் செய்வாருன்னு கனவுலகூட நினைக்கல.”

ஜன்னலோரத்தில் நின்றவர் விருட்டென்று திரும்பினார். வாய் திறந்தபடி மாமனாரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவளுக்குத் தன் முகத்தையே எதிரில் பார்ப்பது போலிருந்தது. காலையிலிருந்து அவள் பட்டதை அந்த மனிதர் அந்த ஒரு நிமிஷத்தில் பட்டுக்கொண்டிருந்தார். அவளுக்கு அதில் சந்தோஷம் வரவில்லை.

“நீ சொல்லும்மா,” என்றார் சித்தப்பா. “அண்ணனுக்குத் தெரியுமா?”

அப்பா அவளைப் பார்த்தார். நெஞ்சில் வைத்த கையை இன்னும் எடுக்கவில்லை. அந்த நெஞ்சு வலிக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் சாப்பிடாமல் கிடந்தவள் அவள்தான். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அப்பா தப்பித்துக்கொள்வார். பழி முழுக்க ஒருவர் தலையில் போய்விடும்.

“தெரியும் சித்தப்பா,” என்றாள்.

அப்பாவின் கை மடியில் விழுந்தது.

சித்தப்பா எழுந்து மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். சண்டை போடவில்லை. அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. “வாம்மா. அந்த ட்ரையரை நானும் பாக்கணும்.”

அவள் செருப்பை மாட்டும்போது கணவர் வாசல்வரை வந்தார். கையில் கார் சாவி.

*

ஆலையில் சித்தப்பா ஈர ட்ராலிகளுக்கு நடுவே மெதுவாக நடந்தார். ஒரு விரிப்பை எடுத்து முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். சும்மா கிடந்த மெஷின்களைப் பார்த்தார்.

திரும்பக் காரில் ஏறிய பிறகுதான் பேசினார்.

“இனிமே நீ வாங்க வேண்டாம்மா. வெளியேர்ந்து வேற ஆளைப் போட்டுக்கலாம்.”

அவள் சட்டென்று திரும்பினாள். “நான் உங்ககிட்ட பொய் சொல்லல சித்தப்பா.”

“சொல்லல. சொல்லியிருந்தா உன்னை என் கார்ல ஏத்தியிருப்பேனா? ஆனா பாத்துட்டேன்னு சொன்னே. நீ பாக்கல.” குரலில் கடுமை இல்லை. அதுதான் இன்னும் வலித்தது. “உன்மேல எனக்குக் கோபமே இல்ல. ஆனா இனிமே நீ நீட்டற காகிதத்தையும் நான் படிக்கத்தான் செய்வேன். உன் பக்கத்துல யாரு உக்காந்து எழுதினாங்கன்னு யோசிப்பேன். அது உனக்கும் அசிங்கம், எனக்கும் அசிங்கம்.”

அவர் சொன்னது நியாயம். அவள் காப்பாற்றியது அவரைத்தான், இழந்ததும் அவருடைய நம்பிக்கையைத்தான்.

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கடைகளில் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரிய நாற்சந்தி வந்தது. இடது பக்கம் போனால் அப்பா வீடு. வலது பக்கம் போனால் அவள் வீடு. சித்தப்பா வேகத்தைக் குறைத்தார்.

“உன்னை எங்கம்மா இறக்கி விடட்டும்?”

மிகச் சாதாரணமான கேள்வி. அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். இரண்டு வீட்டு வாசலும் கண்ணில் வந்து நின்றன. ஒன்றில் போர்வையை நீவிவிடும் கை, இன்னொன்றில் டீ கொண்டு வந்த கை.

பின்னால் வண்டிகள் பொறுமையிழந்து ஹாரன் அடித்தன.

“நேராப் போங்க சித்தப்பா,” என்றாள். “இன்னும் கொஞ்ச தூரம் நேராவே போங்க.”